மோட்டார் வண்டியின் நீலப் புகை

காலையில் மோட்டார் வண்டியை முடுக்கியதும் அதன் பின்குழாயிலிருந்து ஒரு திரள் புகை கிளம்பி, முற்றத்திற் சிறிது நேரம் தங்கிப் பின் மறைவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அப்புகை நீலச் சாயல் கொண்டதாய், எண்ணெய் கருகிய மணம் உடையதாய் இருப்பின், வண்டி பெற்றோலை மட்டுமன்றித் தன் எஞ்சினுக்கு இடப்பட்ட எண்ணெயையும் எரிக்கின்றது என்பது பொருள். கரும்புகை வேறு, அது பெற்றோல் அளவுக்கு மிஞ்சிச் செல்வதைக் காட்டும். வெண்புகை நீடித்து வருமாயின் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகின்றது எனக் கொள்ளலாம். குளிர்ந்த காலையிற் சற்றே தோன்றி மறையும் நீராவியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது நீலப் புகை ஒன்றையே.

நீலப் புகையைக் கண்டவுடன் பெரும்பாலான இடங்களிற் கூறப்படும் தீர்ப்பு ஒன்றுதான்: எஞ்சின் முடிந்துவிட்டது, இறக்கி றீபோர் செய்யவேண்டும் என்பதே அது. சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கி, அவற்றுக்கேற்ற புதிய பிஸ்ரன்களையும் வளையங்களையும் இடுவதையே றீபோர் என்கிறோம். மாதச் சம்பளத்தில் வாழ்பவருக்கும் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கும் அது எளிய செலவன்று. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இத்தகைய தீர்ப்பைக் கேட்டு மனமுடைந்து, தம் மொறிஸ் மைனரை அரைவிலைக்குக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் ஒரு சனி ஞாயிற்றில் எட்டு றப்பர் வளையங்களை மாற்றினார். அடுத்த மாதம் அதே வண்டி புகையின்றி அதே வீதியால் ஓடிற்று. அவ்வெட்டு வளையங்களின் விலை, நால்வர் தேநீர்க்கடையிற் சிற்றுண்டி அருந்தும் செலவைத் தாண்டாது. 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கியது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில், விற்ற வண்டிக்கு ஈடாக இன்னொன்று வாங்குவது எத்துணைக் கடினமாயிருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வரலாறும் தமிழும் கற்றுப் பாடசாலை அதிபராய் இருப்பவன் எஞ்சினைப் பற்றிப் பேசப் புகுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் இவ்வேலைக்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. பொருள்களை வரிசை தவறாது அடுக்கிவைக்கும் வழக்கமும், வண்டியின் தொழிற்கையேட்டைச் சொல்லுக்குச் சொல் வாசிக்கும் பொறுமையும் போதும். இவ்விரண்டும் ஆசிரியருக்கு வாய்க்காதவை அல்ல.

முதலில் இவ்வளையம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். எஞ்சினின் சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் பழைய வண்டிகளில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும். மற்றையது எரிந்த புகையை வெளியே விடும். வால்வு உருவிற் காளானை ஒத்தது. விரிந்த தலை சிலிண்டரின் வாயை அடைத்திருக்கும்; நீண்ட தண்டு ஒரு குழலினூடே மேலே சென்று, சுருள்வில்லொன்றாற் பிடிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூடுகிறது. இத்துணை விரைவாய் ஏறியிறங்கும் தண்டுக்கு எண்ணெய் இன்றியமையாதது. எனவே தண்டின் மேல்நுனியை அழுத்தும் றொக்கர் கைகளுக்கு எண்ணெய் இடைவிடாது ஊட்டப்படுகிறது. அது நாற்புறமும் தெறித்துச் சுருள்வில்களையும் தண்டுகளையும் நனைக்கிறது.

இங்குதான் ஒரு முரண்பாடு எழுகிறது. தண்டும் குழலும் தேயாதிருக்க எண்ணெய் வேண்டும். அவ்வெண்ணெய் குழல்வழியே இறங்கிச் சிலிண்டரை அடையவும் கூடாது. இம்முரண்பாட்டைத் தீர்த்துவைப்பதே தண்டைத் தழுவிக்கிடக்கும் சிறு றப்பர் வளையத்தின் பணி. அது எண்ணெயை முற்றாக மறிப்பதன்று. தண்டு நனையுமளவுக்கு மட்டும் விட்டு, மிஞ்சியதை வழித்துத் தள்ளுவது. நெல்வயலுக்குத் தண்ணீர் விடுபவர் வாய்க்காலின் வாயில் வைக்கும் மண்ணணையை இதற்கு உவமை கூறலாம்.

கலவையை உள்ளே விடும் வால்விலேயே இக்கசிவு மிகுதி. அதற்குக் காரணம் உண்டு. பிஸ்ரன் கீழே இறங்கும்போது உள்வாயிலில் காற்றழுத்தம் குறைந்து ஓர் உறிஞ்சல் தோன்றுகிறது. பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால் காற்று வரும் வழி அடைபட்டு, அவ்வுறிஞ்சல் மேலும் வலுக்கிறது. வளையம் நைந்திருப்பின், அவ்வுறிஞ்சல் மேலேயுள்ள எண்ணெயைத் தண்டின்வழியே இழுத்துக்கொள்ளும். புகை வெளியேறும் வால்விலோ அழுத்தம் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே தள்ளுவதாகையால் எண்ணெய் இறங்குவது குறைவு.

வளையம் ஏன் நைகிறது? இதற்கு விடை காண றப்பரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். றப்பர் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டதை நம் மாணவர் அறிவர். ஆயின் களுத்துறையிலும் கேகாலையிலும் மரத்திலிருந்து வடிக்கும் அவ்வியற்கை றப்பர் இவ்வேலைக்கு உதவாது. எஞ்சின் எண்ணெயிற் கிடந்தால் அது ஊதிப் பருத்து வலுவிழந்துவிடும். எண்ணெயைத் தாங்கும் நைற்றைல் என்னும் செயற்கை றப்பர் 1930களில் ஜேர்மனியில் உருவாக்கப்பட்டது. பழைய வண்டிகளின் வளையங்கள் இவ்வினத்தவை. இவையும் எஞ்சினின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து நெகிழ்ச்சி இழந்து, காய்ந்த புளியங்கொட்டைபோல் இறுகிவிடுகின்றன. இறுகிய வளையம் தண்டைத் தழுவாது. வெறுமனே சுற்றிக் கிடக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் றப்பர் முதுமையடையும் என்பதைக் கவனிக்க. ஆகவே குறைந்த தூரமே ஓடியது என்ற பெருமை இவ்விடயத்திற் செல்லாது.

இனி, புகைக்குக் காரணம் வளையம்தான் என்று எவ்வாறு துணிவது? வகுப்பறைச் சன்னல் உடைந்தால் அருகில் நின்ற மாணவனையே முதலிற் பிடிப்பது நம்மவர் வழக்கம். எஞ்சினிலும் நீலப் புகை என்றாற் பிஸ்ரன் வளையத்தையே பிடிக்கின்றனர். இரண்டும் எண்ணெயை எரிப்பனவே. எரிக்கும் வேளை வேறு.

வால்வுத் தண்டின் வளையம் நைந்த வண்டி, இரவு முழுதும் நின்று காலையில் எழும்போது புகைக்கும். மேலே தேங்கிய எண்ணெய் துளித்துளியாய் இரவில் இறங்கி வால்வின் தலையிலும் சிலிண்டரிலும் தங்கியிருப்பதே காரணம். சில நிமிடத்தில் அது எரிந்து தீர்ந்ததும் புகை அடங்கும். மலைப்பாதை இன்னும் நல்ல பரீட்சை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளை நோக்கி இறங்கும் வண்டியைப் பின்னால் வருபவர் கவனிக்கட்டும். நெடுந்தூரம் மிதியை விட்டு, எஞ்சினின் தடையிலேயே இறங்கிவந்து, ஒரு திருப்பத்தில் மீண்டும் மிதியை அழுத்தும் கணத்தில் நீலத்திரள் ஒன்று கிளம்புமாயின் ஐயம் வளையத்தின்மீது விழும். பிஸ்ரன் வளையம் தேய்ந்த வண்டியோ, இதே பாதையில் பாரத்தோடு மேலேறும்போதுதான் அதிகம் புகைக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டால் அங்கிருந்தும் புகை குபுகுபுவென எழும். வண்டியின் இழுவையும் குன்றியிருக்கும்.

இவ்வளவிலும் தெளிவு பிறக்காவிடின், சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் மானியொன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். பின்னர் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளவுங்கள். முதலிற் குறைவாயிருந்த அமுக்கம் இரண்டாம் முறை நன்கு உயருமாயின், ஊற்றிய எண்ணெய் தேய்ந்த பிஸ்ரன் வளையத்தின் இடைவெளியை அடைத்தது என்று கொள்க; அவ்வண்டிக்கு றீபோர் என்ற தீர்ப்பு நேரிய தீர்ப்பே. நான்கும் முதலிலேயே நன்றாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்து, நீலப் புகையும் இருக்குமாயின், வால்வுத் தண்டுப் பக்கத்தையே நோக்கவேண்டும். தண்டின் வளையம் நைவதால் அமுக்கம் குறைவதில்லை என்பதை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். இப்பரீட்சைக்கு ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொல்பவர் எவராயினும் அவரிடம் இரண்டாம் முறை கேட்பதே நன்று.

வேலையை விளக்க மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்கிறேன். 1948இல் வெளிவரத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சம் அளவில் உற்பத்தியான இவ்வண்டி இந்நாட்டில் இன்றும் ஓடுகிறது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடையாதொழிந்த ஆண்டுகளில், இதுவும் ஒஸ்ரின் ஏ 40உம் சில துளி பெற்றோலால் எழுப்பப்பட்டு மண்ணெண்ணெயிலேயே ஓடின; அவ்வெஞ்சின்களின் பொறுமைக்கு வேறு சான்று வேண்டா. மைனரின் முதல் வகை எஞ்சினில் வால்வுகள் பக்கத்தில் இருந்தன. 1952 முதல் அவை மேலே அமைந்தன. 1956இல் 948 சி.சி. எஞ்சினும், 1962இல் 1098 சி.சி. எஞ்சினும் வந்தன. நான் சொல்வது இப்பிந்திய எஞ்சின்களுக்குப் பொருந்தும்.

இவ்வெஞ்சினில் ஒரு நுட்பம் உண்டு. அதை அறியாமல் ஸ்பானரை எடுக்கலாகாது. றொக்கர் கைகளைத் தாங்கும் அச்சினை எட்டு நற்றுகள் பிடித்திருக்கின்றன. அவற்றுள் நான்கு, மெக்கானிக்குகள் ஹெட் என்று அழைக்கும் எஞ்சினின் மேற்பாகத்தையும் சேர்த்தே பிடிப்பவை. ஹெட்டைப் பிடிக்கும் ஏனைய ஐந்து நற்றுகளை இறுக்கமாய் விட்டு இந்நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணி, தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் இறங்கக்கூடும். எனவே தண்ணீரை முன்னரே வடித்துவிட்டு, எல்லா நற்றுகளையும் சிறிது சிறிதாக ஒருங்கே தளர்த்தவேண்டும். இவ்வளவு செய்தபின் ஹெட்டைக் கழற்றாமல் விடுவதிற் பொருளில்லை. புதிய கஸ்கற் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஹெட்டைக் கழற்றியே வளையங்களை மாற்றுவதே இவ்வண்டிக்குரிய முறை.

எஞ்சின் முற்றாக ஆறியிருக்கவேண்டும். பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். றேடியேற்றரிலிருந்து வடியும் தண்ணீரை ஒரு பேணியில் ஏந்துங்கள். எண்ணெய் கலந்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றுவது, சுண்ணக்கல் நிலத்திற் கிணற்றை நம்பி வாழும் நம் வடபகுதியில் பெருங்கேடு. காபரேற்றரும் குழாய்த் தொகுதிகளும் கழன்றபின் றொக்கர் அச்சினைத் தூக்கி வைக்கலாம். அதன் கீழுள்ள எட்டுத் தள்ளுகோல்களை மேலே இழுக்கும்போது சற்றுத் திருகி மெல்ல எடுக்கவேண்டும். எண்ணெய்ப் பசையால் அவற்றின் அடியிலுள்ள உருளைகளும் ஒட்டிக்கொண்டு மேலெழுவதுண்டு. ஒரு மட்டைப் பெட்டியில் எட்டுத் துளையிட்டு 1 முதல் 8 வரை எண் எழுதி, கோல்களை அவற்றின் இடம் மாறாமற் குத்தி வையுங்கள். வால்வுகளுக்கும் இவ்விதியே. பல்லாண்டு ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவற்றைப் பிரித்துக் கலக்குவது நன்றன்று.

ஹெட் எளிதில் எழாவிடின், இடைவெளியில் திருப்புளியை நுழைத்து நெம்பும் எண்ணம் எவருக்கும் தோன்றும். அதை அடக்கிக்கொள்ளுங்கள், அங்கே விழும் ஒரு கீறல் புதிய கஸ்கற்றையும் பயனற்றதாக்கும். பக்கங்களில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் அது இளகும். ஹெட்டுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் இடையே விரலளவேயான றப்பர்க் குழாயொன்று இருப்பதையும் இப்போது காண்பீர்கள். ஹெட் கழன்றிருக்கும் இவ்வேளையில் அதை மாற்றிவிடுங்கள். பின்னர் அது வெடித்தால் மாற்றுவது பெரும்பாடு.

சுருள்வில்லை நெருக்கும் கவ்வியொன்று வேண்டும். இதுவும் இரவலாகக் கிடைப்பதே. வில்லை அழுத்தியதும் அதன் மேல்மூடியில் சிறு கம்பி வளையமும், தண்டின் வெட்டிற் பொருந்திய இரண்டு அரைக்கூம்பு ஆப்புகளும் தோன்றும். அவை நெல்மணியிலும் சற்றே பெரியவை. தரையில் விழுந்தாற் போய்விட்டன என்றே கொள்க. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவைப்பது நலம். ஆப்புகளை எடுத்து வில்லைத் தளர்த்தினால் மூடியும் வில்லும் கழலும். தண்டிற் பழைய வளையம் இருக்கும். நகத்தால் அழுத்தினாற் சிலவேளை அது துண்டாய் உடையும்.

புதிய வளையத்தை இடுமுன் வால்வைக் குழலில் நிறுத்திப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குப் புலப்படும் தளர்ச்சி இருப்பின் குழலே தேய்ந்துவிட்டது. தேய்ந்த குழலில் தண்டு ஆடிக்கொண்டேயிருக்கும்; அங்கே இடப்படும் புது வளையமும் நெடுங்காலம் நிற்காது. அந்நிலையில் ஹெட்டைக் கடைச்சற் பட்டறைக்கு அனுப்பிப் புதுக் குழல்களை இறுக்குவித்தபின்னரே மேலே செல்லவேண்டும். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு, வளையம் போட்டும் புகை நிற்கவில்லை என்று வளையத்தைக் குறைகூறுவோர் பலர். கரியைச் சுரண்டுதல், வால்வின் விளிம்பை அரைத்துப் பொருத்துதல் என்பவற்றையும் இவ்வேளையிலேயே செய்துகொள்ளலாம்.

புதிய வளையங்களைச் சிறிது நேரம் சுத்தமான எஞ்சின் எண்ணெயில் ஊறவிடுங்கள். வால்வை எண்ணெய் தடவிக் குழலில் இட்டு, வில்லையும் மூடியையும் வைத்து, கவ்வியால் வில்லை அழுத்துங்கள். அதன்பின்பே, அழுத்திய நிலையில், வளையத்தைத் தண்டின் நுனிவழியே செலுத்தி ஆப்பு பொருந்தும் வெட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தவேண்டும். இவ்வரிசை முக்கியமானது. முதலில் வளையத்தை இட்டுப் பின் மூடியை அழுத்தினால் வளையம் இருக்கவேண்டிய இடத்தில் இராது. பின்னர் ஆப்புகளை இட்டு, வில்லை மெல்லத் தளர்த்தி, கம்பி வளையத்தைப் பூட்டுங்கள். தண்டின் நுனியை மரச்சுத்தியலால் ஒருமுறை தட்டினால் ஆப்புகள் நன்கு அமரும்.

கஸ்கற்றில் எப்பக்கம் மேல், எப்பக்கம் முன் என்று அச்சிடப்பட்டிருக்கும். நற்றுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, மூன்று நான்கு சுற்றுகளில் இறுக்கவேண்டும். ஹெட் நற்றுகளுக்கு 40 அடி-இறாத்தல், றொக்கர் அச்சின் சிறிய நற்றுகளுக்கு 25 அடி-இறாத்தல் என்பது அளவு. கைமதிப்பை நம்பாது, முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானரையே பயன்படுத்துக. வால்வுக்கும் றொக்கருக்கும் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஓர் அழகிய கணக்கு உண்டு: இரண்டின் கூட்டுத்தொகை 9 ஆகவேண்டும். எட்டாம் வால்வு முற்றாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்க. ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் இக்கணக்கை வகுத்தவரைப் பாராட்டத் தோன்றுகிறது.

பிற்கால வண்டிகள் வைத்திருப்போருக்கு ஒரு சொல். அவற்றில் வளையம் தொப்பி வடிவாய்க் குழலின் தலையிலேயே அமர்ந்திருக்கும். வெப்பத்தை இன்னும் அதிகம் தாங்கும் றப்பரால் ஆனது. பலவற்றில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். ஆயின் சுருள்வில்லைக் கழற்றியதும் வால்வு சிலிண்டருக்குள் விழாதபடி தடுக்கவேண்டும். பிளக்கின் துளைவழியே அமுக்கிய காற்றைச் செலுத்துவது ஒரு முறை. காற்று பிஸ்ரனையும் தள்ளும் என்பதால் அது உச்சியில் நிற்கவேண்டும். கையை விசிறியருகே வைக்கலாகாது. காற்றுப் பம்பி இல்லாதோர், இரு வால்வுகளும் மூடிப் பிஸ்ரன் மேலேறும் வேளையில், மென்மையான நூற்கயிற்றை அத்துளைவழியே செலுத்தி, ஒரு நுனியை வெளியே விட்டு, எஞ்சினைக் கையாற் சுழற்றிக் கயிற்றை வால்வுகளோடு நெருக்கி நிறுத்துவர். எளிய முறை, எனக்கு இதுவே பிடித்தது. இரண்டு கமச்சாப்டுகள் மேலே அமைந்த எஞ்சினிலோ, வால்வுகளின் நேரத்தைக் காக்கும் சங்கிலியையோ பட்டியையோ கழற்றவேண்டிவரும். அதில் ஒரு பல் தவறினும் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்ரனும் மோதும். அதனை அறிந்தவர் துணையின்றி வீட்டு முற்றத்திற் தொடங்கவேண்டாம். அத்தகைய வண்டிகளில் நீலப் புகையை நெடுநாள் பொறுத்திருப்பதும் கேடு. எரிந்த எண்ணெய் புகையைத் தூய்மைசெய்யும் வினையூக்கிப் பெட்டியைப் பாழாக்கும், அதன் விலையோ பெரிது.

வேலை முடிந்து எஞ்சினை முடுக்கியதும் முன்னிலும் அதிகம் புகை வரக்கூடும், மனந்தளரவேண்டாம். பின்குழாயில் முன்னரே படிந்த எண்ணெய் எரிந்து தீரச் சில நாள் செல்லும். எண்ணெயின் மட்டத்தை அன்றே கோலிட்டுப் பார்த்து, வண்டி ஓடிய தூரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். சில நூறு மைல் ஓடியபின் நற்றுகளின் இறுக்கத்தையும் வால்வுகளின் இடைவெளியையும் மீண்டும் சரிபார்த்து, பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். நான்கும் காய்ந்து மண்ணிறமாயிருப்பின் எண்ணெய் இறங்குவது நின்றுவிட்டது. ஒன்று மட்டும் கருமையாய் எண்ணெய் நனைந்திருப்பின், அந்தச் சிலிண்டரின் வால்வுக் குழலையோ பிஸ்ரன் வளையத்தையோ இனித் தனியே ஆராயவேண்டும்.